பொங்கி வழிந்த இஞ்சி பீர்: வேகத்தை எங்கே பிடிப்பது?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அக்கா மகன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, மலையாளத் தோழி ஒருத்தி எழுதித் தந்த குறிப்பை வைத்து இஞ்சி பீர் செய்து பார்த்தேன். 10 லிட்டர் கேன், 2 கிலோ வெல்லம், அரைக் கிலோ இஞ்சி, 12 எலுமிச்சை. இஞ்சியையும் சர்க்கரையையும் ஊறவைத்த புளிப்பு நாலு நாளாகியும் நுரைக்கவில்லை. அதனால் பிரெட் ஈஸ்ட் 2 மேசைக்கரண்டி சேர்த்தேன். கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, சாமான் அறையில் வைத்தேன். ராத்திரி 2 மணிக்கு மூடி மேலே போய் அடித்தது. அறை முழுக்க நுரை. மறுநாள் திருகு மூடி போட்ட ஆறு கண்ணாடி பாட்டில்களில் பிடித்து வைத்தேன். இன்று காலை அதில் ஒன்று வெடித்துவிட்டது. மற்ற ஐந்தும் அதே இடத்தில் இருக்கின்றன. கேனில் இன்னும் 3 லிட்டர் இருக்கும், அதுவும் ‘உஸ்’ என்று இரைந்துகொண்டே இருக்கிறது. ஈஸ்ட் அதிகமானதுதான் காரணமா? மிச்சத்தைக் குடிக்கலாமா? விசேஷத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பீர் காய்ச்சுகிறவர்கள் இதை எப்படி அடக்குகிறார்கள்?

பதில்: சகோதரி, ஈஸ்ட் கணக்கு, வெல்லக் கணக்கு எல்லாம் பிறகு. முதலில் அந்த ஐந்து பாட்டில்கள். ஒன்று வெடித்துவிட்டது என்றால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கின்றன. ஒரே கேனிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே அறையில் வைத்தவை அல்லவா?

பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பாட்டில்களை இப்போதைக்குத் தொடவும் வேண்டாம். இரண்டு மூன்று சணல் சாக்குகளை நனைத்துப் பிழிந்து, தூரமாக நின்று, பாட்டில்களின் மேல் கூடாரம்போல் போட்டு மூடுங்கள். ஈரச் சாக்கு இரண்டு வேலை செய்யும்: வெடித்தால் சில்லுகளைத் தடுக்கும், காற்றில் உலர உலரப் பாட்டிலையும் குளிர வைக்கும். ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றிவிடாதீர்கள். சூடான கண்ணாடி திடீரென்று குளிர்ந்தால் அதுவே விரிசலுக்குப் போதும். இரவு முழுவதும் சாக்கை நனைத்துக்கொண்டிருந்துவிட்டு, வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் விடியற்காலையில் எடுங்கள். முகம் மறைக்கும் ஹெல்மெட், முழுக்கைச் சட்டை, அதன் மேல் ஒரு தடித்த ஜாக்கெட், கையில் தடித்த உறை, காலில் ஷூ. ஒவ்வொரு பாட்டிலையும் தடித்த துண்டில் சுற்றி, ஆட்டாமல் ஒரு எவர்சில்வர் அண்டாவுக்குள் நிறுத்தி, தட்டுப் போட்டு மூடி, அண்டாவோடு ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் வையுங்கள். அதற்குப் பிறகு, துண்டு சுற்றியபடியே, மூடியை ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்கும் அளவுக்கு மட்டும் திருகி நிறுத்துங்கள். சத்தம் அடங்கியதும் இன்னும் கொஞ்சம். ஒரு பாட்டிலுக்குப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

ஃப்ரிட்ஜ் எதற்கு என்றால், கரியமில வாயு குளிர்ந்த நீரில் நன்றாகக் கரையும், சூடான நீரில் அவ்வளவாகக் கரையாது. ஒரு லிட்டர் பானத்தில் நாலு லிட்டர் வாயு கரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நன்றாக நுரைக்கும் கோலா ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். 4 டிகிரியில் அது பாட்டில் சுவரைத் தள்ளும் அழுத்தம் 2 பாருக்குக் கீழே (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). அதே பாட்டில் 30 டிகிரியில் இருந்தால் சுமார் 5 பார், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் பாட்டிலில் இருப்பது கோலாவின் அளவோடு நின்றிருக்காது. உங்கள் வெல்லத்தில் லிட்டருக்கு 170 கிராம் சர்க்கரை இருந்தது. அது முழுவதும் மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் ஒரு லிட்டருக்கு 40 லிட்டருக்கு மேல் வாயு வரும். அதைத் தாங்கும் கண்ணாடி பாட்டில் கிடையாது. ஷாம்பெயின் பாட்டிலும் தாங்காது.

அடுத்து, அந்தச் சாமான் அறை. 2 கிலோ வெல்லத்திலிருந்து மொத்தமாக வரக்கூடிய வாயு 490 லிட்டர். ஐந்தடிக்கு ஏழடி அறை, உயரம் பத்தடி என்றால் அதன் கொள்ளளவு 10,000 லிட்டர் சுமார். கதவும் ஜன்னலும் மூடியிருந்தால் அறைக் காற்றில் 5 சதவீதம் கரியமில வாயு ஆகிவிடும். அந்த அளவில் தலைவலி, மூச்சு வாங்கல் தொடங்கும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தரையோரத்தில் இன்னும் செறிவாகத் தேங்கும், குனிந்து துடைக்கிறவருக்குத்தான் முதலில் படும். பழைய கிணற்றில் இறங்குமுன் விளக்கை விட்டுப் பார்ப்பது இந்த வாயுவுக்காகத்தான். கதவைத் திறந்து அரை மணி நேரம் காற்றாட விட்டுவிட்டு உள்ளே போங்கள். இனி நொதிக்கிற எதையும் அங்கே வைக்காதீர்கள், தாழ்வாரத்தில் நிழலான மூலை போதும்.

குடிக்கலாமா என்றால், வேண்டாம். விஷமாகிவிட்டது என்பதால் அல்ல. வெல்லமும் இஞ்சியும் நொதித்தால் மெத்தனால் வரும் என்று சிலர் பயப்படுவார்கள். பெக்டின் நிறைந்த பழக்கூழ் இல்லாத இடத்தில் அது பொருட்படுத்தும் அளவு உண்டாகாது. காரணம் வேறு. சர்க்கரையிலிருந்து ஈஸ்ட் வாயுவை மட்டும் எடுத்து வெளியே தள்ளுவதில்லை. வாயு எவ்வளவு எடையோ, ஏறத்தாழ அதே எடைக்கு ஆல்கஹாலும் கூடவே பிறக்கிறது. வாயு கேனைவிட்டுப் பறந்துபோகும், ஆல்கஹால் கேனிலேயே தங்கும். உங்கள் கேன் இத்தனை நாள் இரைந்ததே, அந்த ஒவ்வொரு ‘உஸ்’ஸுக்கும் ஈடான சரக்கு உள்ளே சேர்ந்திருக்கிறது. சர்க்கரையில் பாதி நொதித்திருந்தாலே 5 சதவீதத்தைத் தாண்டியிருக்கும், அது கடையில் விற்கும் சாதாரண பீரின் அளவு. முழுவதும் நொதித்தால் ஒயினின் அளவு. இதைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வண்டி ஓட்டி வீடு திரும்புகிறவர்களும் இருக்கும் விசேஷத்தில் ‘இஞ்சித் தண்ணி’ என்று பரிமாறக் கூடாது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். உணவுப் பாதுகாப்பு விதிகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். உங்கள் ஊர் கேரள எல்லைக்குள் வருகிறது. அங்கே நடைமுறையில் இருப்பது கொல்லம் ஆண்டு 1077-இன் முதல் சட்டமான அப்காரிச் சட்டம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அதன்படி குற்றம், வீட்டுக்கு மட்டும்தான் என்பது விலக்கு ஆகாது. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கொண்டு போனாலும் மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கும். ஆகவே பார்லி பீரைக் காய்ச்சும் முறையை இங்கே சொல்லப் போவதில்லை. பீர் காய்ச்சுகிறவர்கள் நொதியை அடக்கும் உத்திகளை மட்டும் எடுத்து, 0.5 சதவீதத்துக்குள் நிற்கும் இஞ்சிப் பானத்துக்குப் பொருத்திச் சொல்கிறோம்.

இனி, எது தப்பிப் போனது என்று பார்ப்போம். ஈஸ்ட் அதிகம்தான். ஆனால் அது இரண்டாம் குற்றவாளி. முதல் குற்றவாளி வெல்லம், அதற்குத் துணை போனது மாசி மாத வெயில்.

உங்கள் தோழியின் குறிப்பில் ‘சர்க்கரை’ என்று இருந்திருக்கும், மலையாளத்தில் அதற்கு வெல்லம் என்று பொருள், வெள்ளைச் சீனி அங்கே பஞ்சசாரை. அந்த வார்த்தையில் நீங்கள் தவறவில்லை. அளவுதான் இடிக்கிறது. லிட்டருக்கு 200 கிராம் என்பது கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் போடும் ஒயினின் அளவு, இஞ்சி பீருக்கு 80 கிராம் போதும். போதாததற்கு, வெல்லத்தில் சர்க்கரையோடு தாது உப்புகளும் கொஞ்சம் புரதமும் இருக்கின்றன. வெறும் சீனியில் ஈஸ்ட் அரைப்பட்டினியாக வளரும், வெல்லத்தில் விருந்துச் சாப்பாடு. அந்தப் புரதம் நுரையைக் கட்டியாகப் பிடித்து நிறுத்தவும் செய்கிறது. கரும்பாலையில் கொப்பரை பொங்கும்போது துளி எண்ணெய் விடுகிறார்களே, அது இந்த நுரையை உடைக்கத்தான். பீர் ஆலைகளில் அதே வேலைக்குச் சிலிகான் துளி விடுவார்கள். வீட்டில் இரண்டும் வேண்டாம். எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும்.

ஈஸ்டைப் பார்ப்போம். இரண்டு மேசைக்கரண்டி என்றால் 18 முதல் 20 கிராம். வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உள்ள நாடுகளில் 20 லிட்டருக்கு 11 கிராம் பாக்கெட் ஒன்றைப் போடுவார்கள். லிட்டர் கணக்கில் நீங்கள் போட்டது அதைப்போல் நாலு மடங்கு. அதுவும் பீர் அளவு, நமக்கு அதுவே தேவையில்லை. 10 லிட்டர் இஞ்சிப் பானத்துக்கு ஒரு டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு, அரைக் கிராமுக்கும் குறைவாக, இரண்டு விரல் நுனியில் அள்ளும் அளவுதான் வேண்டும். அந்தச் சிட்டிகையிலேயே பல நூறு கோடி உயிரணுக்கள் இருக்கின்றன, போதாது என்று பயப்பட வேண்டாம். இன்னொன்று: உங்கள் இஞ்சிப் புளிப்பு நுரைக்கவில்லை என்றாலும் செத்துப்போயிருக்கவில்லை. தோல் சீவிய இஞ்சியைப் போட்டிருப்பீர்கள், அல்லது குளோரின் வாடையுள்ள குழாய்த் தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். வேண்டிய ஈஸ்ட் இஞ்சித் தோலில்தான் ஒட்டியிருக்கிறது. மெதுவாக எழுந்துகொண்டிருந்த அந்தக் கூட்டத்தின் மேல் இன்னொரு பெருங்கூட்டத்தை இறக்கிவிட்டீர்கள்.

வெப்பம்தான் பலரும் கணக்கில் எடுக்காதது. பத்து டிகிரி ஏறினால் ஈஸ்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரையில் இட்லி மாவு நாலு மணி நேரத்தில் பாத்திரத்தைவிட்டு இறங்குவதும், மார்கழியில் கம்பளி போர்த்தினாலும் எழாததும் எல்லா வீட்டிலும் தெரிந்த கதை. மாவைவிட இதில் ஒரு சங்கடம் கூடுதல். நொதித்தலே வெப்பத்தை உண்டாக்கும். லிட்டருக்கு 170 கிராம் சர்க்கரை நொதித்து, அந்தச் சூடு வெளியே போக வழியே இல்லாவிட்டால் திரவம் 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். நடைமுறையில் பாத்திரச் சுவர் வழியாகப் பெரும்பகுதி கழிந்துவிடும், ஆனாலும் கேனின் நடுப்பகுதி அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாகவே இருக்கும். பாலக்காட்டுக் கணவாயில் மாசி, பங்குனி மதியங்கள் 38 டிகிரி சாதாரணம். மூடிய சாமான் அறை, அதற்குள் மூடிய கேன், அதற்குள் தானே சூடாகும் திரவம். 35-ஐத் தாண்டினால் ஈஸ்ட் வேகமாகவும் வேலை செய்யும், கெட்ட வாடையும் விடும்: தின்னர் போன்ற காரம், சில சமயம் வேகவைத்த முட்டை வாடை. கூடவே இஞ்சியிலிருந்து வந்த பாக்டீரியாக்களில் ஒரு வகை சர்க்கரையிலிருந்து பசை போன்ற ஒன்றைச் செய்யும், ஊற்றினால் பானம் வெண்டைக்காய்ச் சாறுபோல் நூல் விடும். நூல் விட்டால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கொதிநீரில் அலச வேண்டியதுதான்.

பீர்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். அவர்கள் முதலில் பிடிப்பது வெப்பத்தை. ஏல் என்ற பீர் வகைக்கு 18 முதல் 20 டிகிரி, லாகர் என்ற வகைக்கு அதைவிடவும் குளிராக. 35 டிகிரிக்கு மேலும் சளைக்காத நார்வே நாட்டு க்வைக் போன்ற ஈஸ்டுகள் விதிவிலக்கு, ஆனால் அவை இன்னும் மூர்க்கமாகப் பொங்கும். அடுத்து இடம்: பாத்திரத்தில் நாலில் ஒரு பங்கு காலியாக விடுவார்கள். மூன்றாவது, நுரை வெளியேற வழி. வாயு மட்டும் போகும் சின்ன அடைப்பான், முதல் இரண்டு நாள் பொங்கலில் தோற்றுவிடும். நுரையோடு ஏறிவரும் தூள் அதை அடைக்கும், அழுத்தம் ஏறும், மூடி பறக்கும். உங்கள் கேனில் மூடியே இறுக்கியிருந்ததால் அதேதான் நடந்தது, இஞ்சித் துருவலும் மேலே மிதந்து அடை கட்டியிருக்கும். அதனால் அவர்கள் பெருவிரல் நுழையும் அளவு தடித்த குழாயை மூடியில் செருகி, மறுமுனையைத் தண்ணீர் வாளியில் இரண்டு அங்குலம் முங்கவிடுவார்கள். நுரை வாளிக்குள் போய்ச் சேரும், வெளிக்காற்று திரும்ப வராது. வாளியை எப்போதும் பாத்திரத்தைவிடத் தாழ்வாகவே வைக்க வேண்டும், இல்லையென்றால் பாத்திரம் குளிரும்போது வாளித் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மீன்தொட்டிக் குழாய் இதற்கு ஆகாது, மெல்லியது, அடைபடும். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் தடிமனில் சரி, ஆனால் உணவுக்கு உகந்த சிலிகான் குழாயாக வாங்குவதே நல்லது, அதில் பட்ட நுரை சில சமயம் உள்ளேயே திரும்பி விழும்.

பொங்கிக்கொண்டிருக்கும் பாத்திரம் ஒன்று கையில் சிக்கினால், காடிக்கான (வினிகருக்கான) பழச்சாறாக இருந்தாலும் சரி, முதல் விதி மூடியை இறுக்காதே. துணி கட்டித் திறந்தே விடலாம், மேலே படிந்திருக்கும் கரியமில வாயுவே ஒரு மூடி. நாலில் ஒரு பங்கை வேறு சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பிறகு குளிர வையுங்கள். கலக்கிவிடுவது, ருசிக்கு உப்போ சர்க்கரையோ தூவுவது இரண்டும் அந்த நேரத்தில் கூடாது. ஒவ்வொரு துகளிலும் குமிழ் தொற்றிக்கொண்டு கிளம்பும், ஒரு கரண்டிச் சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தரையில் ஓடும். ஐஸை உள்ளேயும் போடாதீர்கள்.

குளிர வைக்க ஒரு கணக்கு. 10 லிட்டர் திரவத்தை 34-லிருந்து 24 டிகிரிக்கு இறக்க ஒரு கிலோ ஐஸ் உருகினால் போதும். அதை ஒரு அலுமினியத் தொட்டியில் 10 லிட்டர் தண்ணீருக்குள் நிறுத்தினால் அந்தத் தண்ணீரையும் குளிர வைக்க இன்னொரு கிலோ. ஆக, முக்கால் பாகம் நிரப்பி உறைய வைத்த ஒரு லிட்டர் பாட்டில்கள் மூன்று தொடக்கத்துக்கு, பிறகு எட்டு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால் நிலைத்து நிற்கும். ஐஸ் இல்லாவிட்டால் ஈர வேட்டியைப் பாத்திரத்தில் சுற்றி, நுனியைத் தொட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். உங்கள் பக்கம் கணவாய்க் காற்று வறண்டு வீசுவதால் இந்த மாதங்களில் 4, 5 டிகிரி இறங்கும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் ஈரக் காற்றில் இது வேலை செய்யாது, அப்போது அவ்வளவு தேவையும் இருக்காது.

இனி நிச்சயதார்த்தத்துக்கான செய்முறை. இதில் பெரிய பாத்திரத்தில் நொதிக்க வைக்கும் கட்டமே இல்லை. காரணம் மேலே சொன்னதுதான். திறந்த கேனில் பறந்துபோகும் வாயு உங்களுக்கு உதவாது, அதனுடன் பிறந்த ஆல்கஹால் மட்டும் மிச்சமாகும். முதல் குமிழிலிருந்தே பாட்டிலுக்குள் பிடித்துவிட்டால் லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை நொதித்தாலே இரண்டு லிட்டர் வாயு கரைந்து நன்றாக நுரைக்கும், ஆல்கஹால் 0.5 சதவீத எல்லையில் நிற்கும். 10 லிட்டருக்கு 80 கிராம், அதாவது ஒரு சின்ன டீ கிளாஸ் சர்க்கரை. மற்ற 720 கிராம் இனிப்பாக அப்படியே இருக்கும். எல்லைக்குள் இருக்க வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

300 கிராம் இஞ்சியைத் தோலோடு கழுவி இடித்து, 800 கிராம் சீனியோடு இரண்டரை லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்க விடுங்கள். நிறத்துக்கு வேண்டுமானால் சீனியில் 100 கிராமைக் குறைத்து அவ்வளவு வெல்லம் போடலாம், அதற்கு மேல் வேண்டாம். மெல்லிய துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். சக்கை ஒரு இழைகூடப் பாட்டிலுக்குள் போகக் கூடாது, திறக்கும்போது பீறிட்டு அடிப்பதற்குப் பாதிக் காரணம் அந்த இழைகள். காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தண்ணீர் ஏழு லிட்டருக்குச் சற்று மேல் சேர்த்தால் மொத்தமும் 28 டிகிரி சுற்றளவில் வந்து நிற்கும். கையை வைத்தால் வெதுவெதுப்புத் தெரியக் கூடாது. அதன் பிறகு பத்து எலுமிச்சையின் சாறு. எட்டில் ஒரு டீஸ்பூன் ஈஸ்டை அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கலக்குங்கள். இஞ்சிப் புளிப்புத் தயாராக இருந்தால் ஈஸ்டுக்குப் பதில் அதில் 200 மில்லி வடித்து ஊற்றலாம். இரண்டில் ஒன்றுதான், இரண்டும் அல்ல.

பாட்டில் பெட் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், அதிலும் கோலா, சோடா வந்த தடித்த பாட்டில். குடிநீர் பாட்டில் மெல்லியது, உதவாது. கண்ணாடியை மறந்துவிடுங்கள். பிளாஸ்டிக்கை விரலால் அமுக்கிப் பார்க்கலாம், கண்ணாடி வெடிக்கிறவரை ஒன்றும் சொல்லாது. மேலே மூன்று விரற்கடை காலியாக விட்டு மூடுங்கள். பத்து மணி நேரம் கழித்துத் தொடங்கி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். 28 டிகிரியில் ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும். 34-இல் அரை நாளே போதுமானதாக இருக்கலாம். ஆகவே கடிகாரத்தை நம்பாதீர்கள். நன்றாக அமுக்கினால் சற்றே குழியும் நிலை வந்தவுடன் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். கல்போல் இறுகும்வரை விட்டால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். ஃப்ரிட்ஜில் ஒரு நாள் இருந்தால் வாயு திரவத்துக்குள் நன்றாக இறங்கும்.

குளிர் ஈஸ்டைக் கொல்வதில்லை, படுக்க மட்டுமே வைக்கிறது. தென்னம் பதநீருக்குப் பானையில் சுண்ணாம்பு தடவி நொதியைத் தடுக்கிறார்கள், இங்கே அதைச் செய்ய முடியாது, எலுமிச்சைப் புளிப்போடு சேராது. எனவே குளிர்தான் ஒரே கடிவாளம். நீண்ட நேரம் மின்சாரம் போனால், காரின் பின்பக்கத்தில் மண்டபத்துக்குக் கொண்டுபோனால், ஈஸ்ட் எழுந்து உட்காரும். தெர்மோகோல் பெட்டியில் ஐஸோடு கொண்டுபோங்கள். ஞாயிறு விசேஷம் என்றால் வியாழன் மாலை செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம். விசேஷத்துக்கு முன் ஒருமுறை இரண்டு லிட்டர் அளவில் உங்கள் வீட்டு வெப்பத்தில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்டையும் ஐந்தில் ஒன்றாகக் குறைக்க மறக்காதீர்கள், கரண்டியில் அது கடுகளவுதான் தெரியும்.

10 லிட்டரில் 200 மில்லி கிளாஸ் 50 வரும். வருகிறவர்கள் நூறு பேருக்கு மேல் என்றால் எங்கள் யோசனை வேறு: நொதிக்கவே வேண்டாம். இதே இஞ்சிப் பாகை, தண்ணீர் சேர்க்காமல், எலுமிச்சையோடு குளிர வைத்துக்கொண்டு, பரிமாறும்போது ஒரு பங்குக்கு நாலு பங்கு சோடா ஊற்றுங்கள். நொதித்ததில் வரும் அந்த மெல்லிய புளிப்பு இருக்காது. ஆனால் ஆல்கஹால் கேள்வியும் ராத்திரி இரண்டு மணிச் சத்தமும் இருக்காது.

கேனில் இரைந்துகொண்டிருக்கும் மூன்று லிட்டர் வீணாக வேண்டியதில்லை. காடியாக்கிவிடலாம். அகன்ற வாயுள்ள பீங்கான் ஜாடியிலோ கண்ணாடி ஜாடியிலோ ஊற்றுங்கள், எவர்சில்வரும் அலுமினியமும் இதற்கு வேண்டாம். காய்ச்சிச் சூடாக்காத, அடியில் கசடு தெரியும் இயற்கைக் காடி 600 மில்லியும், ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரும் சேருங்கள். தண்ணீர் சேர்ப்பது ஆல்கஹாலைக் குறைக்க. அதிகமாக இருந்தால் காடி பாக்டீரியா தயங்கும். இன்றே காடி விழுந்துவிட்டால் யாரும் எடுத்துக் குடிக்கவும் மாட்டார்கள். வாயில் துணி கட்டி, மூடாமல், தாழ்வாரத்தில் வையுங்கள். ஈஸ்டுக்கு வாயு வெளியேற வழி வேண்டும், காடி பாக்டீரியாவுக்கோ காற்று உள்ளே வர வேண்டும். பழ ஈ நுழையாத துணியாக இருக்கட்டும். முதல் சில நாள் நுரைக்கும், அதனால் ஜாடியில் பாதியே நிரப்புங்கள். பிறகு மேலே மெல்லிய ஆடை படியும், கலைக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் மூக்கைத் துளைக்கும் புளிப்பு வரும். பச்சையோ கறுப்போ பஞ்சுபோல் பூத்தால் அது பூஞ்சை, கொட்டிவிடுங்கள். கடைக் காடியில் அமிலம் குறைந்தது 3.75 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் அதை அளக்க வழியில்லாததால் இதை ஊறுகாய்க்கு நம்பாமல், மீன் குழம்புக்கும் சாலட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.